எல்கன்பிரிங் ஆட்டம்

வருடா வருடம் புதிய தொலைபேசிப் புத்தகங்கள் வந்து இறங்கும் நாளில் மெக்தில்ட் எல்கன்பிரிங் காலையில் ரொட்டியைத் தொடவே மாட்டாள். மூன்ஸ்டர் நகரத்தில், எண் கேட்டு அழைப்பவர்களுக்கு எண் சொல்லும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நாட்டின் எல்லா வட்டாரத்துப் புத்தகங்களும் அங்கே கட்டுக் கட்டாக வரும். மற்றப் பெண்கள் பழையதை இறக்கிப் புதியதை அடுக்குவார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் பெயர் வரும் பக்கத்துக்குப் போவாள்.

அபூர்வமான பெயர் அது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது நாடு முழுக்க நாற்பத்தொரு வீடுகள். மூன்ஸ்டருக்குப் பக்கத்துக் கிராமமான எங்கள் ஊரில் அவள் வீடு ஒன்றுதான். மீதியில் பெரும்பாலானவை வடக்கே, மெப்பன் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் ஒரே கொத்தாகக் கிடந்தன. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறப் போய் ஏறாமல் நின்றுவிட்ட மூன்று குடும்பங்கள் பிரேமனில் இருந்தன. முகவரி முதற்கொண்டு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏதாவது ஒரு வரி அடுத்த வருடம் காணாமல் போனால் பழைய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி தேடுவாள். இவருக்கும் அந்த நோய் வந்துவிட்டது, இவரும் போய்விட்டார் என்று நினைப்பாள். அந்த மனிதர் வீடு மாறியிருக்கலாம், மகளோடு போய்த் தங்கியிருக்கலாம். பயம் பிடித்தவளுக்கு இதெல்லாம் தோன்றுமா? கடைசியில் கணினி வந்தது, நிலைமை இன்னும் மோசமாயிற்று. வருடத்துக்கு ஒரு தடவை நடுங்கியவள் தினமும் தேடிப் பார்த்து நடுங்கலாம் என்றாயிற்று.

இந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது எங்கள் ஊர்தான். 1952இல், மரப்பறவையைச் சுட்டு வீழ்த்தும் திருவிழாவில் அவளுக்கு ஒன்பது வயது. வடக்கேயிருந்து குதிரை விற்க வந்த ஒருவர் கூட்டத்தின் நடுவே நடந்து வந்தார். தோள் ஒரு பக்கம் இழுத்தது, கை தன்னால் எழுந்து விழுந்தது, முகம் கோணிக் கோணி நேரானது. பாண்டு வாத்தியத்துக்கு ஆடுகிறார் என்று ஜனங்கள் சிரித்தார்கள். வறுத்த பாதாம் விற்றுக்கொண்டிருந்தவள் சிரிப்பை அடக்காமலேயே சிறுமியின் பக்கம் குனிந்தாள்.

"யாரு தெரியுதா? உங்க பேருக்காரர்தான். எல்கன்பிரிங் ஆட்டம்னு சொல்லுவாங்க. நாப்பது வயசு ஆகட்டும், நீயும் ஆடுவ."

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டாள். அம்மா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்காத" என்றாள். இல்லை என்று சொல்லியிருந்தால்கூட ஒருவேளை பிள்ளை பிழைத்திருக்கும்.

விசாரித்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவள் அப்பா முப்பத்து மூன்று வயதில் ரஷ்யப் போர்முனையில் இறந்தார். தாத்தா அதற்கு முந்தைய போரில், இருபத்தொன்பது வயதில். ஆட்டம் வருகிற வயதுவரை அந்த வீட்டில் ஓர் ஆண் இருந்திருந்தால் அல்லவா வருமா வராதா என்று தெரியும். ஊருக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அப்பாவின் பெயர் பொறித்த நினைவுக்கல்லைப் பார்த்து, "குண்டு முந்திக்கிச்சு, நல்லதாப் போச்சு" என்று சொன்னவர்களும் உண்டு. நாக்கில் நரம்பில்லாத ஊர் எங்களுடையது.

பக்கத்துப் பண்ணை தேயோ வெஸ்லிங் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டபோது அவளுக்கு இருபத்தேழு வயது. நல்ல உயரம், நல்ல சிரிப்பு, யாரையும் ஏசத் தெரியாத மனிதன். அவளுக்கும் அவன் மேல் உயிர். அதனால்தான் பயமும் இரண்டு மடங்கு. பசுக்களுக்குத் தீனி வைத்துவிட்டு வேலியருகே நின்று பேசினார்கள்.

"நீ என் வீட்டுக்கு வந்தா உன் பேரே வெஸ்லிங் ஆயிடும். அப்புறம் யாரு உன்னைச் சொல்லுவா?" என்றான் தேயோ.

"பேரு போகும். ரத்தம் எங்க போகும்?"

"வந்தாப் பாத்துக்கலாம், மெக்தில்ட்."

"நீ பாத்துப்ப. பொறக்கிற பிள்ளை யாரைப் பாக்கும்?"

தேயோவின் தாயும் சும்மா இருக்கவில்லை. அவள் கணவர் அப்போதே தடுமாறித் தடுமாறித்தான் நடப்பார், பேச்சும் குழறும். "இங்க ஒரு குடிகாரனோட மாரடிக்கிறது பத்தாதுன்னு ஆட்டக்காரி ஒருத்தி வேறயா?" என்று ரொட்டிக் கடையில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். அது மெக்தில்ட் காதுக்கும் வந்தது. மறுநாளே முடியாது என்று தேயோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு அவன் வேறு பெண்ணைக் கட்டினான். ஆல்முட் என்று ஒரு மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு மெக்தில்டையும் அழைத்தார்கள். போனாள், குழந்தையைக் கையில் வாங்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

அதன்பின் அவள் வாழ்க்கை என்பது தன்னைத்தானே வேவு பார்ப்பதுதான். தினமும் எழுந்ததும் சமையலறைத் தரையில் ஓட்டுக் கற்களின் கோட்டின் மேல் கால் மாற்றி நடந்து பார்ப்பாள். காபிக் கோப்பையைத் தட்டோடு தூக்கி, சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பாள். அந்த நோய் புத்தியையும் கெடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், ஒரு வார்த்தை மறந்துபோனால் அன்று இரவு முழுக்கத் தூக்கம் கெடும். இரத்தத்தைச் சோதித்தே சொல்லிவிடலாம், இப்போது வசதி வந்துவிட்டது என்றார் டாக்டர். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மிச்ச நாளை எப்படிக் கழிப்பது? அதற்குள் நாற்பதும் தாண்டி, ஐம்பதும் தாண்டியிருந்தது. ஐம்பதுக்கு மேலும் வருவதுண்டு என்று ஒரு பத்திரிகையில் படித்தாள். அவ்வளவுதான், பயம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிற்று.

அவளுக்கு ஐம்பத்தைந்து நடந்துகொண்டிருந்த வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. உறையைத் திருப்பியதும் கதி கலங்கிப்போனாள். மெப்பன், ஆலைத் தெரு, நான்கு. அன்ஸ்கர் எல்கன்பிரிங். வருடக் கணக்காகப் புத்தகத்தில் பார்த்துவந்த வரி எழுந்து நடந்து வந்து கதவைத் தட்டியதுபோல் இருந்தது. ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியராம். தன் தங்கைக்கு நோய் முற்றிவிட்டது, தனக்குச் சோதனையில் இல்லை என்று வந்தது. அந்தப் பெயர்க்காரர் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து எச்சரிப்பதைத் தன் கடமையாக வைத்திருப்பதாகவும், பெயர் பிறந்த பண்ணை அவளுடையது என்பதால் அவள் ஊர்க் கோவில் பதிவேட்டைப் பார்க்க வருவதாகவும் எழுதியிருந்தார்.

வரவேண்டாம் என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தாள். எழுதி முடிப்பதற்குள் அவர் வந்துவிட்டார். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம், நேரான நடை. அவள் முதலில் பார்த்தது அவர் கைகளைத்தான். அவரும் அவள் கைகளைத்தான் பார்த்தார். இரண்டு பேருக்கும் அது புரிந்து, சங்கடமாகச் சிரித்தார்கள்.

கோவில் அலுவலகத்தில் பழைய பதிவேடு மேசை மேல் விரிந்து கிடந்தது. அன்ஸ்கர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போனார். அவளுடைய அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா. ஒவ்வொரு பெயரும் அவளைப் பள்ளத்துக்குள் இழுப்பதாக இருந்தது. மேசையடியில் தன் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டாள். 1786இல் அவர் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது.

"என்ன?" என்றாள்.

"இருங்க. மறுபடி ஒரு தடவ படிச்சிடறேன்." படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். "இந்த வருஷம் உங்க பண்ணையில யோஹான் எல்கன்பிரிங்னு ஒருத்தர் இருந்திருக்கார். நடுக்கம் வந்து ஏர் பிடிக்க முடியாமப் போச்சுன்னு பாதிரியார் குறிச்சிருக்கார். நிலத்துக்காரப் பிரபு அவரைக் குடும்பத்தோட வெளிய அனுப்பிட்டு, வேற ஊர்லேருந்து பெர்ன்ட் ஹோல்ட்மன்னு ஒருத்தரைக் கொண்டாந்து வெச்சிருக்கார். அடுத்த வரியிலேயே அந்த ஹோல்ட்மன், 'இனி எல்கன்பிரிங்'னு இருக்கு."

எங்கள் பக்கத்தில் அது புதிதே இல்லை. பண்ணைக்கு யார் வந்து குடியேறினாலும் பண்ணையின் பெயர்தான் அவருக்கு. மாப்பிள்ளையாக வந்தாலும் சரி, பிரபு கொண்டுவந்து வைத்தாலும் சரி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பண்ணைகளுக்குப் போய் மூன்று பெயரோடு செத்ததுண்டு. இது தெரியாதவர் ஊரில் யாருமில்லை. தெரிந்தே அத்தனை பேரும் பெயரைப் பார்த்து ரத்தத்துக்கு முத்திரை குத்தினோம். மெக்தில்டும் அதே தப்பைத்தான் செய்தாள், எங்களைவிட நம்பிக்கையோடு.

"அப்போ நான்?" என்றாள்.

"நீங்க ஹோல்ட்மன் வம்சம். எங்களோட உங்களுக்கு ஒரு சொட்டு உறவு கிடையாது. யோஹானோட பையன் வடக்க வந்து கூலிக்கு நின்னான். எந்தப் பண்ணைப் பையன்னு கேட்டு அங்க அதையே பேரா வெச்சுட்டாங்க. நாங்க அவன் வழி."

அவள் அழுதாள். சந்தோஷம் என்று நினைத்து அன்ஸ்கர் கைக்குட்டையை நீட்டினார். சந்தோஷம்தான், ஆனால் அதற்கு அடியில் ஆத்திரம் கொதித்தது. ஒரு வரி. இந்த ஒரு வரியை யாராவது முப்பது வருடம் முன்னால் படித்துச் சொல்லியிருந்தால் வேலியருகே அவள் வேறு பதில் சொல்லியிருப்பாள்.

"யோஹானுக்கு ஒரே பிள்ளைதானா?" என்று மூக்கைத் துடைத்தபடி கேட்டாள். பேச்சை மாற்றத்தான் கேட்டாள்.

"ஒரு பொண்ணும் உண்டு. கெர்ட்ரூட். ஊரை விட்டுப் போகல அவ. பக்கத்துலயே கட்டிக் குடுத்திருக்காங்க." அன்ஸ்கர் பக்கத்தைப் புரட்டினார். "வெஸ்லிங். அப்படி ஒரு பண்ணை இங்க இருக்கா?"

நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவளைச் சுற்றிக்கொண்டிருந்த பயம் எழுந்து பக்கத்து வீட்டுக்கு நடப்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது. வெஸ்லிங் வீட்டு மனிதர்கள் குடித்தே கெட்டவர்கள் என்பது எங்கள் ஊரின் பால பாடம். தேயோவின் தாத்தா பைத்திய விடுதியில் செத்தார், குடி. தேயோவின் அப்பா பட்டப்பகலில் வாய்க்காலில் விழுந்தார், குடி. ஆனால் அந்த அப்பா கையில் புட்டியை யாரும் கண்டதில்லை. ஒளித்து வைத்துக் குடிக்கிறார் என்று அதற்கும் ஊரிடம் பதில் இருந்தது. போன ஞாயிறு பூசையில் தேயோ ஜெபப் புத்தகத்தை இரண்டு தடவை கீழே போட்டான். குளிருக்கு விரல் மரத்துப்போச்சு என்று சிரித்தான். அவன் மகள் ஆல்முட்டுக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

"நான் போய்ச் சொல்லட்டுமா? எனக்குப் பழக்கம்" என்றார் அன்ஸ்கர் மெல்ல.

"வேண்டாம். நான் சொல்றேன்."

சொல்கிறேன் என்றாளே தவிர, நான்கு நாள் போகவில்லை. இது என்னவென்று ஊரில் அவளை விட யாருக்குத் தெரியும்? தெரியாமல் இருக்கும்வரை தேயோ ராஜா. தெரிந்த நிமிடத்திலிருந்து கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் காது கொடுக்க ஆரம்பிப்பான். மகளும் ஆரம்பிப்பாள். வயிற்றில் இருப்பதை நினைத்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தவிப்பார்கள். சொல்லாவிட்டால், அவளைப் போல இன்னொரு பெண் உண்மை தெரியாமலேயே ஒரு வாழ்க்கையைத் தப்பாக முடிவு செய்வாள். தனக்காகப் பயந்த நாட்களே தேவலை என்று இருந்தது.

ஐந்தாம் நாள் மதியம் போனாள். தேயோ முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஆஸ்பராகஸ் தண்டுகளைச் சீவிக்கொண்டிருந்தான். பாதி ஒடிந்து கிடந்தன. உள்ளேயிருந்து ஆல்முட் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வாங்க அத்தை. அப்பா சீவற லட்சணத்தப் பாருங்க. இன்னிக்கு நமக்கு சூப்புதான்."

"இத்தனை வருஷம் கழிச்சு மனசு மாறிட்டாளோ என்னமோ. கேளு" என்றான் தேயோ. அவன் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"கோவில் பதிவேட்டைப் பாத்தேன், தேயோ. நான் எல்கன்பிரிங்கே இல்ல. எங்க ஆளுங்க வெளியூர்லேருந்து வந்து பண்ணைப் பேரைப் போட்டுக்கிட்டவங்க. அந்த நோய் எனக்கு வராது."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து அவள் இருபத்தெட்டு வருடமாகப் பார்த்ததில்லை. எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் விரல்கள் அவள் உள்ளங்கைக்குள் நிற்காமல் துள்ளின. அவன் அதைக் கவனிக்கவேயில்லை.

"பாவி, அப்பவே சொன்னேனே. வெறும் பேருக்குப் பயந்து என்னை வேண்டாம்னுட்டியே" என்றான். கண் கலங்கியிருந்தது. பிறகு பழைய சிரிப்போடு கேட்டான். "சரி, உனக்கு இல்லேன்னா அந்த யோகம் யாருக்குப் போச்சாம்?"

மெக்தில்ட் அவன் கைகளை விடவில்லை. ஆல்முட்டையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவள் உட்காரும்வரை காத்திருந்தாள்.

"கெர்ட்ரூட்னு ஒருத்தி" என்று ஆரம்பித்தாள், "எங்க பண்ணையிலேருந்து உங்க வீட்டுக்கு வாழ வந்தா."