மேஜர் பேசாத நாளில் கம்பத்துக்கு

காலை ஆறு நாற்பதுக்கு மதுரை ஆரப்பாளையத்தில் கம்பம் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்க மனமில்லை. மடியிலிருந்த பையில் ஒரு பழுப்பு உறை. முந்தின நாள் மாலை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. மேஜர் சுருளிவேலின் தொண்டையில் வெட்டியெடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட். அது புற்றா, இல்லையா என்பது அதற்குள் இருந்தது.

"வாங்கி வா. பிரிக்காதே. யாரிடமும் சொல்லாதே" என்று வாட்ஸ்அப்பில் கட்டளை வந்திருந்தது. பட்டாளத்தை விட்டு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் அவர் கட்டளை என்றால் இன்னமும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். பிரிக்கவில்லை.

பட்டாளத்தில் அவருடைய கம்பெனியில் நான் ரேடியோ ஆப்பரேட்டர். காஷ்மீரப் பனிமலையில் இரண்டு வருஷம் அந்தக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தவன். அவர் போடுகிற சத்தத்துக்கு ரேடியோவே வேண்டியதில்லை என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். ரோந்துக்குப் போகும்போது மட்டும் அந்த வாய் அடங்கும். முன்னால் போய்ப் பதுங்கிப் பார்ப்பார். திரும்பி எங்களைப் பார்த்து முஷ்டியை நீட்டுவார். கட்டைவிரல் கீழே இறங்கினால் எதிரி இருக்கிறான். மேலே நிமிர்ந்தால் எதிரி இல்லை. அந்த விரலை நம்பித்தான் நாங்கள் அடி எடுத்து வைத்தோம்.

உசிலம்பட்டி போனது தெரியவில்லை. ஆண்டிப்பட்டி கணவாய் போனதும் தெரியவில்லை. எட்டே முக்காலுக்குத் தேனி. பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், என் பக்கத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். உத்தமபாளையத்துக்காரர், திராட்சை வியாபாரி.

"கம்பத்துல யாரப் பாக்கப் போறீக?"

"மேஜர் சுருளிவேலை."

"அடேயப்பா, அவுகளா!" என்றார். "மைக்கப் பிடிச்சாகன்னா கலெக்டர் ஆபீசு ஜன்னலே ஆடும்ல. ஆனா போன வாரம் தேனியில நடந்த போராட்டத்துல மேடையில சும்மா உக்காந்திருந்தாக. ஒரு வார்த்தை பேசல. யாரோ அவுக வாய அடைச்சுட்டாகன்னு பஜார்ல பேச்சு. உள்ளதா?"

எனக்குச் சுருக்கென்றது. "தொண்டை கட்டியிருக்கு பாய்" என்றேன்.

"இத்தனை நாளாவா?" என்று சிரித்தார்.

ஆபரேஷன் ஆன தொண்டை, பதினைந்து நாள் முணுமுணுக்கவும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. பையை இறுக்கிக்கொண்டேன்.

விலைக்கு வாங்கக்கூடிய ஆளா அவர்? தேவாரம் ஊரில் கடலை விதைத்த குடும்பம். ஓய்வு பெற்றதும் பெங்களூரில் பெரிய கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி வேலை காத்திருந்தது. ஊருக்கு வந்த முதல் வாரமே, சிப்பாய் ஒருவரின் மனைவி ஒரு கட்டுப் பென்ஷன் காகிதத்தோடு வாசலுக்கு வந்தார். ஒவ்வொரு ஆபீசும் அடுத்த ஆபீசைக் கை காட்டியே அந்த அம்மாவை அலைய விட்டிருந்தது. மறுநாள் மேஜர் கூடவே போனார். ஆபீசில் அவர் போட்ட சத்தம் தெருவரை கேட்டது. பெங்களூர் வேலை அதோடு போயிற்று, முன்னாள் படைவீரர் சங்கம் பிறந்தது. எங்களையும் விட்டுவைக்கவில்லை. ராணுவ கேன்டீனில் மலிவாக வாங்கிய ரம்மை வெளியே விற்றவர்களை மேடையிலேயே பேர் சொல்லித் திட்டினார். பாதிச் சங்கம் கோபித்துக்கொண்டு போய், வேறு போக்கிடமில்லாமல் திரும்பி வந்தது.

பத்து மணிக்குக் கம்பம். சுருளிப்பட்டிக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். மேஜர் வீடு திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அன்று சங்கக் கூட்டம். பந்தலுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டிலேயே மேஜரின் மனைவி பாக்கியம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொண்டாந்துட்டீகளா தம்பி? என்ன போட்டிருக்கு?"

"பிரிக்கலைம்மா. சார் கூடாதுன்னுட்டாக."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

பந்தலில் லோயர் கேம்ப் ஊர்க்காரரான ஹவில்தார் ஒருவர் எழுந்து நின்றார். "சாப், தப்பா நினைக்கக் கூடாது. நீங்க யாருக்கோ பயந்து வாய மூடிட்டீகன்னு ஊருக்குள்ள பேசுறாக. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல. உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

மேஜர் கையை உயர்த்தினார். நில். அத்தனை பேரும் அடங்கினார்கள். பிறகு என்னைப் பார்த்து உள்ளங்கையைத் தன் தலைமேல் வைத்தார். என்னிடம் வா. பந்தல் தலையில் இடிக்க, குனிந்து ஓடினேன்.

தனியே போய்ப் படிப்பார் என்று நினைத்தேன். உறையை எல்லோர் முன்னாலும் கிழித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு முஷ்டியை முன்னால் நீட்டினார். பனிமலையில் போலவே அந்த விரலையே பார்த்து நின்றேன்.

கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது.

நாற்பது பேருக்கும் அந்தச் சைகை தெரியும். யாரோ விசில் அடித்தார். லோயர் கேம்ப் ஹவில்தார் சிறுபிள்ளை போல அழுதுகொண்டு வந்து மேஜர் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தலுக்கு வெளியே நின்ற பாக்கியம் அம்மாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"என்ன தம்பி சொல்றாக?"

"எதிரி இல்லைன்னு சொல்றாகம்மா. புத்து இல்ல. சாதாரணக் கட்டிதான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்ததும் முதலில் மாட்டியது நான்தான்.

"ஏந்தம்பி, இத நேத்தே பிரிச்சுப் பாத்து ஒரு போன் போட்டிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்ல? அவுகதான் சொன்னாகன்னா உங்களுக்குப் புத்தி எங்கன போச்சு?"

திட்டி முடித்துவிட்டு இலை போட்டார். அம்மா கையால் ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டேன். மேஜர் எதிரே உட்கார்ந்து, பேச முடியாத கோபத்தில் எனக்குச் சோற்றை அள்ளி அள்ளி வைக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றரைக்குக் கம்பத்தில் பேருந்து. நிலையத்துக்கு வெளியே எண்பது ரூபாய்க்கு ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டேன். உத்தமபாளையம் தாண்டும்போது பாய் எங்காவது ஏறமாட்டாரா என்று கண் தேடியது. இப்போது சொல்ல என்னிடம் பதில் இருந்தது.

தேனியில் வாட்ஸ்அப் வந்து போன் அதிர்ந்தது. மேஜர்.

"பாக்கியம் சொல்வது சரி. நீ பிரித்திருக்க வேண்டும். என் கட்டளை தப்பு."

கலெக்டரிடமும் கட்சிக்காரரிடமும் எங்களிடமும் தப்பைத் தப்பென்று முகத்துக்கு நேரே அவர் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தன் கட்டளையைத் தப்பென்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதையும் வாயால் சொல்லவில்லை. "எஸ் சார்" என்று பதில் அனுப்பினேன்.

ஆண்டிப்பட்டி கணவாய் வந்ததும் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, காலையில் பார்க்காமல் விட்ட மலையைப் பார்த்தபடி திராட்சையைத் தின்றுகொண்டே வந்தேன்.