பத்து விரல் ஹரிணி

பள்ளி இதழுக்கு நான் எழுதிய கதையை டைப் செய்ய, இன்று கம்ப்யூட்டர் லேபில் ஆசையாக உட்கார்ந்தேன்.

அம்மாவின் போனில் பழகிய கை. இரண்டு கட்டைவிரல்களால் தட்டினேன்.

பக்கத்திலிருந்த ரேவதி சிரித்தாள். "இன்னாடி, மெசேஜ் அனுப்பிகினு கீறியா?"

மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "எழுந்திரும்மா, ஹரிணி அடிக்கட்டும்" என்றார்.

ஹரிணிக்கு வானகரம் ஃபிளாட்டில் சொந்தமாக லேப்டாப் இருக்கிறது. நான் கதையை வாசிக்க வாசிக்க, கீபோர்டைப் பார்க்காமலே பத்து விரல்களாலும் அடித்தாள். வகுப்பே சுற்றி நின்று கைதட்டியது.

கதையைப் பற்றி ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. வயிறு எரிந்தது.

எங்கள் மேனாம்பேடு பக்கம் யார் வீட்டிலாவது பழைய கீபோர்டு கிடக்கிறதா? வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, விரல் பழகத்தான். அடுத்த இதழுக்குள் எனக்கும் பத்து விரல் வேண்டும்.