லில்லிக்கு வெளிவாசல் பழக்கிய கதை

நாய் வளர்ப்பது பெரிய வீட்டு வேலை; அது போனதைத் துடைப்பது எங்கள் வேலை. பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் ஒரு குட்டி நாயை வெளிக்குப் போகப் பழக்கிப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

தக்கலையில் ஒரு ஓவர்சியர் வீட்டில் எனக்குத் தொழுத்து வேலை. சாணி வார வேண்டும், பசுவைக் குளிப்பாட்ட வேண்டும், புறவாசல் பெருக்க வேண்டும். ஓவர்சியரை நாங்கள் ஏமான் என்றுதான் சொல்வோம். அவர் விடிந்ததும் சைக்கிள் ஏறிக் கால்வாய் வேலைக்குப் போவார், விளக்கு வைத்தபிறகுதான் திரும்புவார். அவர் மனைவி பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, பெரிய டீச்சர். பள்ளிக்கூடம் விட்டாலும் மாதர் சங்கம், பாட்டு வகுப்பு என்று அவருக்கும் இருட்டிவிடும். பகலில் வீட்டில் இருப்பது ஏமானின் தாயார் பெரியம்மையும் ஒரு சமையற்காரியும்தான்.

மலை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை, ரோடு போட்டுக்கொடுத்த நன்றிக்கு ஏமானிடம் ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். சடைமுடி, வெள்ளை நிறம், இரண்டு கையில் அடங்கும். பெயர் லில்லி. ஏமானுக்கும் டீச்சருக்கும் அதன்மேல் உயிர். ஆனால் அதோடு இருக்கத்தான் நேரமில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்

வந்த அன்றே லில்லி நடுக்கூடத்தில் மோண்டுவிட்டது. பெரியம்மை தொடமாட்டார். சமையற்காரி, "சோறு பொங்குற கையாலே நாய் மூத்திரம் அள்ள மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். என் சாதியில் யாரும் அந்த வீட்டின் புறவாசல் படியைத் தாண்டியது கிடையாது. அன்றைக்கு ஏமான் கூடத்தில் நின்றபடி, "ஏட்டி இசக்கி, உள்ளே வா" என்றார். வேறு இசக்கி யாராவது இருக்கிறாளோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

போனேன். துடைத்தேன். சிமெண்டுத் தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அதை அனுபவிக்கக்கூட பயம். வெளியே வந்து திரும்பினால், பெரியம்மை நான் கால்வைத்த இடத்தில் எல்லாம் செம்பிலிருந்து கோமியம் தெளித்துக்கொண்டு வருகிறார். விடிகாலையில் பசுவின் பின்னால் நின்று நான் பிடித்துக்கொடுத்த கோமியம் அது. நான் பிடித்தது சுத்தம், நான் மிதித்தது தீட்டு. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "சின்னக் குட்டிதானே பெரியம்மை, அது மோண்டதுக்கா இவ்வளவு?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாய் மோண்டதுக்கு இல்லேட்டி, நீ உள்ள கேறினதுக்கு."

டீச்சர் கொடுத்த வாக்கு

பெரிய டீச்சரிடம் நாய் வளர்ப்பது பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. தூங்கி எழுந்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும், தின்றதும் கொண்டுபோக வேண்டும், போனதும் தடவிக்கொடுத்துப் பாராட்ட வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் அது தூங்கி எழும்போதும் தின்னும்போதும் அவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார். ஆகவே புத்தகம் அவருக்கு, நாய் எனக்கு. சமையற்காரி அதைப் புறவாசலில் விடுவாள். நான் தென்னை மூட்டுக்கு, அந்த மரத்தடிக்கு, கூட்டிப்போய் அது போகும்வரை காத்துநிற்பேன். தங்கமே, ராசாத்தியே என்று கொஞ்சவும் வேண்டும். என் மகளைக்கூட நான் அப்படிக் கொஞ்சியதில்லை. நேரம் எங்கே?

மகள் பெயர் பொன்னி. தகப்பன் இல்லாத பிள்ளை. குடிசையில் தனியாக இருந்துகொண்டு, கரிக்கட்டையால் சுவரில் கோடு இழுத்து, எழுத்து என்று எனக்குக் காட்டுவாள். டீச்சர் ஒரு நாள் தானாகவே சொன்னார்: வைகாசியில் பள்ளி திறப்பதற்குள் லில்லி பழகிவிட்டால், பொன்னியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக. அந்தச் சந்தோஷத்தில் வாயைக் கொடுத்துவிட்டேன். "லில்லி மாதிரி எம் பிள்ளையும் பகல் பூரா தனியாத்தான் கெடக்கு அம்மா" என்றேன். டீச்சர் லில்லியின் காதை வருடிக்கொண்டே, நல்ல மனதோடுதான் பதில் சொன்னார்.

"அவளுக்குப் பழகியிருக்கும் இசக்கி, இது சின்ன ஜீவன்லா."

சைக்கிள் மணி

ஏமானுக்குப் புத்தகத்தில் நம்பிக்கை இல்லை. ராத்திரி வந்ததும், மத்தியானம் அது நனைத்த இடத்தைப் பெரியம்மையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். லில்லியின் பிடரியைப் பிடித்து மூக்கை அங்கே தேய்ப்பார். மத்தியானம் செய்தது ராத்திரி அந்தக் குட்டிக்கு ஞாபகம் இருக்குமா? அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மணிச் சத்தம் கேட்டால் மூக்குப் போய்விடும்.

கொஞ்ச நாளில், சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அது பயந்து நின்ற இடத்தில் மோள ஆரம்பித்தது. பகலெல்லாம் நான் தென்னை மூட்டில் பாடுபட்டது அந்த ஒரு மணிச் சத்தத்தில் போகும். ஏமான் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே மனத்தாங்கல்.

"எம் பெல்லுச் சத்தத்துக்குக் கூலிக்காரன் பூரா வேலை செய்யான், இந்தச் சவம் மட்டும் மோளுது."

பசு இல்லாத நாட்கள்

பகலிலும் ஒரு அதிசயம் நடந்தது. தென்னை மூட்டில் ஒழுங்காகப் போய்விட்டு உள்ளே நுழையும் லில்லி, கூடத்தில் குறிப்பிட்ட சில இடங்களை மோந்து மோந்து தேடி, அங்கேயும் போகும். அது போனால் நான் உள்ளே போகவேண்டும். நான் போனால் பெரியம்மை தெளிக்கவேண்டும். மறுநாள் அது அங்கேயே போகும். எனக்குத் தூக்கம் போயிற்று. வைகாசி நெருங்க நெருங்க, அந்த நாயைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. உங்களுக்கும் தோன்றியிருக்கும், மறைக்காதீர்கள்.

அந்தச் சமயம் மார்த்தாண்டத்தில் பெரியம்மையின் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பாலுக்காகப் பசுவை அங்கே கொண்டுபோனார்கள். அடுத்த வீட்டுப் பசுவின் கோமியத்தில் பெரியம்மைக்கு நம்பிக்கை கிடையாது. எனவே மஞ்சள் தண்ணீர்தான் தெளித்தார். பகலில் கூடம் காய்ந்தே கிடந்தது! மணிச் சத்தத்துக்கு வாசலில் சிந்துவதுகூடக் குறைந்தது. ஏமான் தன் கண்டிப்பு என்றார், டீச்சர் தன் புத்தகம் என்றார், பெரியம்மை தான் குமாரகோயிலுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை என்றார். நானோ பொன்னிக்குப் பாவாடை தைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தேன்.

பசு திரும்பி வந்தது. செம்பும் நிறைந்தது. அன்றைக்கு வருஷப் பரீட்சை முடிந்து டீச்சருக்கு அரை நாள் பள்ளி. லில்லி வாய்வைத்துக் கொட்டிய பாலைத் துடைக்க என்னை உள்ளே அழைத்து, நான் வெளியே வந்ததும், பெரியம்மை தெளித்துக்கொண்டே போனார். லில்லி அவர் பின்னாலேயே போய், தெளித்த இடத்தை மோந்து, உட்கார்ந்து மோண்டது. அடுத்த இடத்திலும் ஒரு சொட்டு. டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

"மூத்திர மணத்தைத் தேடிப் போவுது அத்தை, அதுக்கு எடம் காட்டிக்குடுக்கதே நீங்கதான்!"

தீர்ப்பு

ராத்திரி கூடத்தில் பேச்சு நடந்தது. தொழுத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. தெளிப்பதை நிறுத்தலாம் என்றார் டீச்சர். நான் சுவரோரம் இன்னும் நெருங்கினேன். நாயை விரட்டலாம் என்றார் பெரியம்மை. ஏமான் மராமத்துக்காரர் அல்லவா, ஒழுகும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்.

"இசக்கி உள்ள கேறாம இருந்தா தெளிக்கவே வேண்டாம்லா, சங்கதி தீந்துது."

வைகாசி

தீர்ந்துதான் போயிற்று. சமையற்காரி முணுமுணுத்துக்கொண்டே கூடத்தைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். ஏமானும் மூக்கைத் தேய்ப்பதை விட்டார். லில்லி தானாகவே புறவாசல் படியைத் தாண்டி என்னிடம் ஓடிவரும், தென்னை மூட்டில் போகும், திரும்பப் படியேறி உள்ளே போய்விடும். நான் படிக்குக் கீழே நின்று வழியனுப்புவேன். அது பழகிவிட்டது. பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது.

திறந்த அன்று பொன்னிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, புதுப் பாவாடை கட்டிக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூட வாசல் கம்பிக்கதவு வழியாகப் பார்த்தால், பெரிய டீச்சரின் நாற்காலிக்கு அடியில் லில்லி படுத்திருக்கிறது. இனி அசிங்கம் பண்ணாது என்பதால் தன்னோடு கூட்டிவந்திருக்கிறார். என்னைக் கண்டதும் அது ஓடிவந்து, கம்பிக்குள் மூக்கை விட்டுப் பொன்னியின் கையை நக்கியது. பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. டீச்சர் பின்னாலேயே வந்தார். கதவைத் திறக்கவில்லை. "வந்தியா இசக்கி" என்று ஆரம்பித்து, நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் வேண்டாம்னா சொல்லுதேன்? இவளை உள்ள கேத்தினா மத்த பிள்ளைகளுக்க வீட்டுக்காரங்க செம்போட வந்து நிப்பாங்க, இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்கு நான் எங்கன தெளிக்க?"

வழியெல்லாம் பொன்னி கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். அன்றோடு அந்த வீட்டுப் பக்கம் போகவுமில்லை. பிறகு அவள் வேதக்கோயில் பாதிரியார் நடத்திய ஓலைக்கொட்டகைப் பள்ளியில் படித்தாள். ராத்திரியில் என் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தாள். அந்த விரலால்தான் இதை எழுதுகிறேன். அந்த வீட்டில் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை நாய்க்குத்தான் பழக்க வேண்டியிருந்தது, எனக்கும் என் மகளுக்கும் பிறக்கும்போதே பழக்கி வைத்திருந்தார்கள்.