நான் வைத்த போன்

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் சந்தில் ஒரு சின்ன லாட்ஜ். பதினோரு வருடமாக அங்கே முன் மேசையில் உட்காருகிறேன். பெயர் எழுதுவது, சாவி கொடுப்பது, போன் எடுப்பது என் வேலை. படிப்பு பத்தாவது. நேரில் வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் சிரித்தே சமாளித்துவிடுவேன். போனில் சிரிப்பு எடுபடாது. இங்கிலீஷ் குரல் வந்தால், லைன் சரியில்லாதது போல “ஹலோ, ஹலோ” என்று இரண்டு முறை கத்திவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவேன். முதலாளி கேட்டால், “ராங் நம்பர் சார்.”

அறை கூட்டும் பெண் ஐந்தாவதோடு நின்றவள். “டவல்? பக்கெட்? டூ மினிட், ஓகேவா?” இதை வைத்தே எந்த நாட்டுக்காரரையும் அதட்டுவாள். வேலை முடிந்து கிளம்பும்போது அவள் தன் பையைத் திறந்து என் மேசையில் காட்ட வேண்டும் என்பது லாட்ஜின் வழக்கம். ஒரு பெண்ணின் பைக்குள் பார்க்க எனக்குக் கூச்சம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிவிடுவேன்.

போன மாசியில் ஒரு வெளிநாட்டு அம்மா மூன்று நாள் தங்கிவிட்டுப் பாண்டிச்சேரி போனார். அன்று மாலையே அங்குள்ள லாட்ஜ்காரர் போன் செய்தார். தமிழ், அதனால் எடுத்துப் பேசினேன். அந்த அம்மாவின் வாட்ச்சைக் காணவில்லையாம், இறந்துபோன கணவர் கட்டியிருந்ததாம். அறையைப் புரட்டிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. முதலாளி அறை கூட்டுபவளைக் கூப்பிட்டார்.

“நா எடுக்கல சார். அண்ணாத்த, நீ சொல்லு. போகச்சொல்லோ என் பைய நீதான பாத்த?”

நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி அவளை இனி வர வேண்டாம் என்றார்.

அடுத்த இரண்டு நாளில் மூன்று முறை போன் வந்தது. வயதான பெண் குரல், இங்கிலீஷ். மூன்றாவது முறை ‘வாட்ச்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஹலோ, ஹலோ. வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து முதலாளி ஒரு மெயிலைப் படித்தார். வாட்ச் அந்த அம்மாவின் பெட்டியிலேயே ஒரு காலுறைக்குள் இருந்ததாம். “அதச் சொல்லத்தான் மூணு வாட்டி போன் பண்ணாங்களாம். யாரோ ஹேங் அப் பண்ணிக்கினே இருந்தாங்கன்னு எழுதிகீது. இன்னாய்யா, டவர் இல்லியா?”

“ஆமா சார், டவர் இல்ல.”

‘ஹேங் அப்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன். ராத்திரி சாப்பிடும்போது, செங்கல்பட்டில் காலேஜ் படிக்கும் என் மகளிடம் கேட்டேன்.

“போன வச்சிடறதுப்பா. அந்தக் காலத்துல போனு செவுத்துல மாட்டி இருக்குமாம். காதுல வைக்கிறத பக்கத்துக் கொக்கில மாட்டுனா லைன் கட்டாயிடும். மாட்டுறதுதான் ஹேங். இப்ப கொக்கி போயிடுச்சு, அந்த வார்த்தை மட்டும் கீது.”

“டவர் இல்லாம கட்டானாலும் அப்படித்தான் சொல்லுவாங்களா?”

“அதுக்கு வேற சொல்லுவாங்க. இது ஆளு வைக்கிறது. அடுத்தவங்க பேசிகினு இருக்கச்சொல்லோ வச்சா, ரொம்பக் கோவத்துலதான் வைப்பாங்க. ஏம்ப்பா?”

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் முன்பு ஒரு ரூபாய் போன் இருந்தது. பேசி முடித்துக் கொக்கியில் மாட்டினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன், அந்தச் சத்தம் மூன்று முறை கேட்டது. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. லைன் போகவில்லை, ஒரு ஆள் வைத்தான் என்று அவர் அன்றே தெரிந்துகொண்டார்.

மறுநாள் கல்பாக்கம் ரோட்டில் இருக்கும் அறை கூட்டுபவளின் வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வாட்ச் கெடைச்சிடுச்சாமே. மொதலாளி போன் பண்ணி வேலைக்கு வரச் சொன்னாரு. டவர் இல்லாம சேதி வரலியாம்.”

“டவர் இருந்துச்சு. நான்தான் வச்சேன். இங்கிலீஷ்ல பேசுனாங்க, பயந்துட்டேன்.”

அவள் கையில் மீன் அப்படியே நின்றது.

“உன் பயத்துக்கு நா திருடியா?”

வாசல் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இப்பவும் பேச மாட்ட. எனக்கு மட்டும் சொல்லி இன்னா புண்ணியம்? அங்க எல்லாரும் கீறச்சொல்லோ சொல்லு. அப்பறம் நா வரேன்.”

அடுத்த நாள் பதினோரு மணி டீக்கு எல்லாரும் கூடியபோது சொன்னேன். பையைப் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன். சமையல்காரர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. அங்கேயே அவளுக்குப் போன் போட்டார்.

அவள் திரும்பி வந்துவிட்டாள். இப்போது இங்கிலீஷ் போன் வந்தால், “ஒன் மினிட் மேடம்” என்று சொல்லி, போனைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி முதலாளியிடம் கொடுக்கிறேன். படியில் துடைத்துக்கொண்டிருந்தால் அவள் ஒதுங்கி வழிவிடுவாள். சாயங்காலம் பையை என் மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு சாமானாக எடுத்து வைக்கிறாள், நான் பார்த்து முடிக்கும்வரை நகர்வதில்லை. டிபன் டப்பா, சீப்பு, மாற்றுப் புடவை. ஒவ்வொன்றையும் நான் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.