பச்சை விளக்குப் பெட்டியும் என் பிரிட்ஜும்

பிரிட்ஜ் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் எல்லோரும் வசதியாக மறந்தது இதைத்தான். வீடும் என்னுடையதுதான். எங்கள் கல்முனைக்குடியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து குடியேறுவார். என் மாப்பிள்ளையும் அப்படி வந்தவர்தான். நல்ல மனிசன், ஆனால் அவருடைய காக்கா, அதாவது மூத்த அண்ணன், ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை.

சீட்டுக் கட்டி நான் வாங்கிய பிரிட்ஜ் அது. அதில் சர்பத் ஐஸ் பக்கட் போட்டு விற்றேன். குர்ஆன் ஓதிவிட்டு வரும் பிள்ளைகள் வெயிலில் காய்ந்த முகத்தோடு என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அந்த வருமானத்தில் என் மகளுக்குப் புத்தகமும் சப்பாத்தும் வாங்கினேன், யாரிடமும் கை நீட்டவில்லை. கை நீட்டாத பெண்சாதி சிலருக்குக் கண்ணில் விழுந்த மண்தான்.

சவூதியில் இருந்து வந்த காக்கா ஒரு பை நிறையச் சின்ன வெள்ளைப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். பிளக்கில் குத்தினால் பச்சை விளக்கு எரியும். கறண்ட் பில் அரைவாசியாகிவிடும் என்றார். இரவு பகல் கழற்றக் கூடாதாம். சொந்தக்காரர் எல்லோரும் வாங்கினார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பில் அசையவே இல்லை. காக்காவின் வீட்டிலோ உண்மையாகவே பாதியாகக் குறைந்தது. அந்த பில்லை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பெட்டியில் பிழை இல்லை, தம்பி வீட்டில் கறண்டைத் தின்பது அந்த பிரிட்ஜ்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பிரிட்ஜை விலைக்கு வாங்கச் சம்மாந்துறையில் ஒரு ஆளையும் அவரே பிடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு டிராக்டர் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று முடிவாயிற்று. என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை காக்காவின் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் செய்யாததை அங்கே எப்படிச் செய்தது என்று பார்க்க வேண்டும். அவர் பெண்சாதி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவள், பின்வளவில் குனிந்து நின்று சிரட்டைக் கரி போட்ட பழைய அயன்பெட்டியால் வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் சுட்ட தழும்பு. கறண்ட் அயன்பெட்டி எங்கே என்று கேட்டேன்.

“அலுமாரிக்கு மேல இரிக்கி புள்ள. வீட்டுல ஒரு பிளக்தானே. அதுல இவர்ட பெட்டி இரிக்கி, கழட்டப் படாதாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தழும்பை இன்னொரு முறை பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பில்லைக் குறைத்தது பெட்டி இல்லை, இவளுடைய கை. நாளைக்கு நீங்களும் வாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை டிராக்டர் வாசலில் நின்றது. காக்கா மடிப்புக் குலையாத சட்டையில் வந்திருந்தார். இந்தச் சட்டையை எதால் தேய்த்தது மச்சான் என்று கேட்டேன். அயன்பெட்டியால்தான், வேறு எதால் என்றார். கதவடியில் நின்ற ராத்தா கரிப் பெட்டியால் என்று மெதுவாகச் சொன்னாள். கறண்ட் அயன்பெட்டி குத்த இடமில்லை என்றும் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. ஆனாலும் விடவில்லை, அது வேறு கதை, இங்கே பெட்டி வேலை செய்யத்தான் செய்கிறது என்றார்.

நான் என் மாப்பிள்ளையின் கையில் அவர் ஓதும் தஸ்பீஹ் மணிமாலையைக் கொடுத்தேன். லைட்டெல்லாம் அணைத்துவிட்டு, பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும்போதே மீட்டருக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். மீட்டரில் சுற்றும் தகட்டின் சிவப்பு அடையாளம் ஒரு சுற்று வரும்வரை ஓதி மணி தள்ளச் சொன்னேன். முதலில் பெட்டியோடு, பிறகு பெட்டியை நான் பிடுங்கி எடுத்துவிட்டு. காக்கா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற மனிசன்தான், ஆனால் தஸ்பீஹ் கையில் இருக்கும்போது அவருக்குப் பொய் வராது என்பது எனக்குத் தெரியும்.

அவர் இரண்டாம் முறையும் ஓதி முடித்தார். விரல் நின்ற மணியைப் பார்த்தார். பிறகு காக்காவைப் பார்த்தார்.

“அதே மணிதான் காக்கா. பிரிட்ஜ் இஞ்ச இரிக்கட்டும்.”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் காக்காவுக்கு மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது. டிராக்டர் வெறுமையாகத் திரும்பியது. நான் டிரைவருக்கு ஒரு ஐஸ் பக்கட் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த மாதம் ராத்தா வெயிலோடு வெயிலாக என் வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டு பில் பழையபடி ஏறியிருந்தது. பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி அதை என் முன்னால் விரித்துக் காட்டினாள். மணிக்கட்டில் புதுத் தழும்பு ஒன்றும் இல்லை.