அண்ணியின் பெட்டியைச் சுமந்தவள்

கப்பலில் அவளுக்கு வெந்நீர் என்று பெயர். ஒருமுறை அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு அறை கூட்டப் போனாள். திரும்பி வந்தபோது தண்ணீரும் இல்லை, பாத்திரத்தில் அடியும் இல்லை. "வெந்நீரையே கருக்கின மகராசி!" என்று அண்ணி சமையல்கட்டில் நின்று கத்த, அந்த ஆற்றுக் கப்பல் முழுக்கச் சிரித்தது. கப்பல் தலைவர்கூட ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு அசடு வழிந்தார். அவளுக்குக் கோபமே வரவில்லை. அண்ணி வைத்த பெயர் ஆயிற்றே.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கப்பலில், அதுவும் ஒரே அறையில், மேல்படுக்கையும் கீழ்ப்படுக்கையுமாக வருஷக்கணக்கில் ஒற்றுமையாக இருந்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் இருந்தார்கள். அண்ணிக்குச் சமையல் வேலை, இவளுக்குப் பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் தைலம் தேய்ப்பது இவள். இவளுடைய புருஷன் கம்பி நீட்டியபோது, அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அண்ணி. "எனக்கு வாச்சது அண்ணி இல்ல, இன்னொரு அம்மா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். கொஞ்சமாக நம்புவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடை யோசனையும் அண்ணியுடையதுதான். கால்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு நகரத்தில்தான் அவர்கள் கப்பலின் பயணம் ஒவ்வொரு முறையும் முடியும். அங்கே பாலத்தை ஒட்டி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை பூட்டிக் கிடந்தது.

"எத்தனை நாளைக்குடி அடுத்தவங்க படுக்கைய விரிச்சுக்கிட்டே இருப்ப? நான் சமைக்கிறேன், நீ கல்லாவுல உக்காரு. அடுப்புப் பக்கம் மட்டும் வந்துடாத தாயே!"

கடைக்காரம்மாவைப் போய்ப் பார்த்தார்கள். அந்தம்மா படு கறார். சமைக்கிற ஆள் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால்தான் சாவி என்று சொல்லிவிட்டாள். "வந்து நிக்கிறேன்" என்றாள் அண்ணி. சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் மல்லுக்கு நின்று, கடைசியில் மஞ்சள் ஜெயித்தது. அடுத்த வேலை, கப்பல் வேலையை விடுவது. "ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம்னா விட மாட்டாங்க. நீ மொதல்ல சொல்லிடு, நான் பின்னாடியே சொல்றேன்" என்றாள் அண்ணி. இவள் மறுநாளே போய்ச் சொல்லிவிட்டாள். சொன்னது போன வாரம்.

இன்று கடைசி நாள். காலையில் பயணிகளை வரிசையாக நின்று வழியனுப்பினார்கள். அந்த நகரத்தின் துறையில் கப்பல்களுக்கு இடம் போதாது. ஒன்றை ஒட்டி ஒன்றாகத்தான் கட்டுவார்கள். வெளிப்பக்கக் கப்பலில் இருப்பவர்கள் கரைக்குப் போக உள்பக்கக் கப்பலின் கூடத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குள் புகுந்து தெருவுக்குப் போகிற மாதிரிதான். இன்று இவர்கள் கப்பல் வெளிப்பக்கம். உள்பக்கக் கப்பலில் கயிறு கட்டி அவிழ்க்கும் வேலையில் இருப்பவன் இவளுடைய சொந்த அண்ணன், அதாவது அண்ணியின் புருஷன். இப்படி இரண்டு கப்பலும் எங்காவது சேர்ந்தால்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது.

"சமையல்கட்ட ஒப்படைக்கணும், எனக்கு நேரம் ஆகும். என் பெட்டிய அவர்கிட்டக் குடுத்துடு, கரையில இறக்கிடுவார்" என்றாள் அண்ணி.

தூக்கிப் பார்த்தால் தோள் இறங்கியது. "உள்ள என்ன அண்ணி, கல்லா?"

"கடைக்குக் கத்தி கரண்டி வேண்டாமா? பேசாமத் தூக்கிட்டுப் போடி."

சந்தோஷமாகத்தான் சுமந்தாள். அண்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான். பெட்டியைக் கரைப்பக்கக் கதவருகே வைக்காமல் உள்ளே மாடிப்படி ஓரமாகத் தள்ளினான். ஏன் என்றதற்கு, வழியில் இருந்தால் திட்டுவார்கள் என்றான். அதுவும் நியாயம்தானே என்று வந்துவிட்டாள்.

திரும்பியபோது இவளுடைய இடத்துக்கு எடுத்திருந்த புதுப்பெண் காத்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் மூலையை எப்படி மடித்துச் செருகுவது, குளியலறையை ஏன் கடைசியில் கழுவ வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். பெண் சூட்டிகையாக இருந்தாள். உறை மாற்றிக்கொண்டே, "ரொம்ப நாளா வேலை தேடிட்டு இருந்தேன்க்கா. போன மாசம்தான் எங்க பெரியம்மா பொண்ணு போன் போட்டு, இங்க எடம் இருக்கு வான்னாங்க" என்றாள்.

"யாரு உங்க பெரியம்மா பொண்ணு?"

"சமையல்கட்டுல இருக்காங்களே, உங்க அண்ணி. உங்ககிட்டச் சொல்லலையா?"

போன வாரம் காலியான இடம் போன மாதமே எப்படி இருந்தது? ஆனாலும் பாருங்கள், அந்த அசட்டு மனசு உடனே அண்ணிக்கு வக்கீலாகிவிட்டது. நாம் எப்படியும் போகப்போகிறோம், தங்கைக்கு ஒரு வழி செய்திருக்கிறாள், வேலை மும்முரத்தில் சொல்ல மறந்திருப்பாள். நேரிலேயே கேட்டுவிடலாம் என்று சமையல்கட்டுக்கு ஓடினாள். அடுப்புகள் துடைத்துக் கிடந்தன. அண்ணி அப்போதே இறங்கிவிட்டாள் என்றார்கள். அதற்குள் மணியும் அடித்துவிட்டது. உள்பக்கக் கப்பல் கிளம்பப் போகிறது, அதற்கு வழிவிட இந்தக் கப்பல் விலக வேண்டும், இறங்குகிறவர்கள் உடனே இறங்கலாம். பையை எடுத்துக்கொண்டு, அடுத்த கப்பலின் கூடத்தைக் கடந்து கரைக்கு வந்தாள். படி ஓரத்தில் பெட்டி இல்லை. கரையிலும் இல்லை. அண்ணியும் இல்லை.

இவர்கள் கப்பல் விலகி நடுத் தண்ணீரில் போய் நின்றது. உள்பக்கக் கப்பலின் நடைபாலத்தை இழுக்கத் தொடங்கினார்கள்.

"அண்ணா, பாலத்த எடுக்க வேண்டாம்னு சொல்லு! அண்ணி இன்னும் எறங்கலை!" என்று கத்தினாள்.

அண்ணன் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே, கரை மட்டத்தில் அந்தக் கப்பலின் சமையல்கட்டு ஜன்னல். உள்ளே அண்ணி இருந்தாள். அங்கே சமைப்பவர்கள் போடும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். இவள் சுமந்து வந்த பெட்டி மேடைமேல் திறந்து கிடக்க, கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, என்ன இது?"

"புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே அறையாக் குடுத்திருக்காங்கம்மா. இத்தனை வருஷத்துல இப்பத்தான் கெடச்சுது."

"எப்ப முடிவாச்சு?"

"போன மாசம்."

அப்படியென்றால் மஞ்சளா நீலமா என்று அண்ணி அவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றது, எல்லாம் முடிந்த பிறகு. கூடப் பிறந்தவனும் சேர்ந்தல்லவா கழுத்தை அறுத்திருக்கிறான்!

ஜன்னல் திறந்தது. அண்ணி தலையை நீட்டினாள். முகத்தில் வெட்கம் இருந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் இருந்தது. "என்ன பண்ணச் சொல்ற? சித்தி தினமும் போன் போட்டு அழுதாங்க, பொண்ணுக்கு ஒரு வேலை வேணும்னு. சும்மா வந்து கேட்டா நீ விட்டுக் குடுத்திருப்பியா?"

நாசமாய்ப் போங்கள் என்று தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினாள். அண்ணிக்குப் பதில் சொல்லாமல் அண்ணனைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. உனக்கு என்னைத் தெரியாதா? கேட்டிருந்தா குடுத்திருப்பேனா, மாட்டேனா?"

"குடுத்திருப்ப" என்றான் அவன் மெதுவாக. "நானும் சொன்னேன். கேட்டு வாங்கினா ஆயுசுக்கும் உனக்குக் கடமைப்பட்டு நிக்கணும்னு உங்க அண்ணி சொல்லிட்டா."

ஜன்னல் மூடிக்கொண்டது. மேல்தளத்தில் புதுப் பயணிகள், வழியனுப்பத்தான் இவள் நிற்கிறாள் என்று நினைத்துச் சிரித்துச் சிரித்துக் கையசைத்தார்கள். கரையில் கயிறு கழற்றும் ஆள் எங்கோ மறுகோடியில் இருந்தான். இவளுக்குப் பக்கத்து இரும்புத் தூணில் கடைசிக் கயிறு மாட்டிக் கிடந்தது.

"தங்கச்சி, அந்தக் கயித்தக் கொஞ்சம் எடுத்து விடும்மா. கப்பல் நிக்குது" என்றான் அண்ணன், பழக்கதோஷத்தில்.

அவள் குனிந்து, இரண்டு கையாலும் கயிற்றைத் தூக்கித் தண்ணீரில் போட்டாள்.

"கேட்டல்ல, குடுத்துட்டேன்" என்றாள். "இனிமே தங்கச்சின்னு கூப்பிடாத."