சனிக்கிழமைப் பிழை

விவாகரத்து முடிந்த பிறகு எனக்கும் என் கணவனாக இருந்தவனுக்கும் பொதுவாக மிஞ்சியது ஒரு மென்பொருள்தான். சிங்கப்பூரில், மார்சிலிங்கில் இருந்த வீட்டை விற்கப் போட்டாயிற்று. மேசை நாற்காலியெல்லாம் பிரித்தாயிற்று. இதைப் பிரிக்க முடியவில்லை. மற்றவர்கள் எழுதும் நிரல்கள் துண்டு துண்டாகச் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதித்துச் சொல்கிற சின்னக் கருவி அது. கல்யாணமான புதிதில் சேர்ந்து எழுதினோம்.

ஆளுக்குப் பாதிக் கோப்புகள். அவன் கோப்பில் நான் கைவைக்க மாட்டேன், என் கோப்பில் அவன் கைவைக்கக் கூடாது. சட்டம் போட்டது நான்தான். ஒருமுறை என்னைக் கேட்காமல் ஒரே ஒரு வரியைத் திருத்தினான். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீன அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் அவன் என் கோப்புப் பக்கமே வந்ததில்லை.

வேறொரு குழு அந்தக் கருவியை ஏற்று நடத்த முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. நிரலைப் படித்து ஓட்டுவதற்கு வழக்கமான இன்டர்பிரட்டர் ஒன்று உண்டு. அதே மொழிக்கு வேறு ஆட்கள் எழுதிய, இன்னும் வேகமான மாற்று இன்டர்பிரட்டரும் உண்டு. அதிலும் எங்கள் கருவி ஓட வேண்டுமாம். ஓட்டிப் பார்த்தோம். வழக்கமானதில் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டது. மாற்றில் ஒரு சோதனை மட்டும் சிவப்பு. மறுபடி ஓட்டினால் பச்சை, அதற்கடுத்து சிவப்பு. மனுஷரை வெறுப்பேற்றவே பிறந்த பிழை.

"சனிக்கிழமை நேர்ல உக்காந்து பாத்துடலாமா?" என்று செய்தி அனுப்பினான்.

அவன் இப்போது தஞ்சோங் பகாரில் இருக்கிறான். இருவருக்கும் பழக்கமான லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைப் பக்கத்துக் காப்பிக்கடையில் சந்தித்தோம். கேட்காமலே எனக்கு தே ஹாலியா என்கிற இஞ்சி டீ வாங்கி வந்தான், சீனி குறைத்து. அன்று பிழை பிடிபடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தோம், அதற்கடுத்ததும். அவன் ஏதேதோ மாற்றிப் பார்ப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரல்களைப் பார்ப்பேன். சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் நின்று, இந்தப் பிழை மட்டும் தீரவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்கு என்ன புரிந்ததோ.

கடைசிச் சனிக்கிழமை வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கினேன். வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் டீ வாங்கப் போகும்போது தன் மடிக்கணினியை என் பக்கம் தள்ளி, "இன்னொரு தடவை ஓட்டிப் பாரு," என்றான். ஓட்டப் போனவள் கண்ணில் ஒரு திருத்தம் பட்டது. அவன் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தது. முதல் சனிக்கிழமைக்கு மறுநாள் எழுதியது.

பிழை என் கோப்பில்தான். என் சோதனை ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறது. வழக்கமான இன்டர்பிரட்டர், அது இனி யாருக்கும் தேவையில்லை என்று தெரிந்த கையோடு தானே மூடிவிடும். மாற்று, தனக்கு நேரம் ஒழிந்தபோதுதான் மூடும். அதற்குள் அடுத்த சோதனை அதே கோப்பைத் தொட்டால் தடுக்கி விழும். திறந்ததை மூட ஒரு வரி போதும்.

எனக்கு அதுவா பெரிது? தெரிந்தும் வாராவாரம் வந்திருக்கிறானே! கை தானாகப் பைக்குள் பூவைத் தேடியது.

டீயோடு வந்தவனிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். "மொத வாரமே கண்டுபிடிச்சிட்ட. ஏன்டா சொல்லல?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "உன் ஃபைல் லா. நீயே பாத்துடுவன்னு வெயிட் பண்ணேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கத்துவ. எல்லாம் முடியுற நேரத்துல இன்னொரு சண்டை வேணாம்னு நெனச்சேன். சாரி."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவன், ஒரு வரியைச் சொல்லப் பயந்து, வாராவாரம் ரயிலேறி வந்து தெரியாதவன்போல உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தவில்லை. என் மடிக்கணினியைத் திறந்து, என் கோப்பில் என் கையாலேயே அந்த வரியைச் சேர்த்தேன். இரண்டு இன்டர்பிரட்டரிலும் ஓட்டினேன். எல்லாம் பச்சை. அவன் பெருமூச்சு விட்டான். "அந்தக் குழுவுக்கு நானே அனுப்பிடறேன்," என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

மேசை துடைப்பவர் அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். நான் இன்னொரு தடவை ஓட்டினேன். பச்சை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சிவப்பு வரட்டும், அவனை மறுபடி கூப்பிட்டுவிடலாம் என்று திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே இருந்தேன். பச்சைதான் வந்தது.